நகச்சொத்தை: யாருக்கு வருகிறது, எப்படி உறுதி செய்வது, எப்படித் தீர்ப்பது

கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, நுனி பொடிந்து உதிரத் தொடங்கியதும் பெரும்பாலானோர் மெடிக்கல் ஷாப்பில் ஒரு பூஞ்சைக் களிம்பு வாங்கித் தடவுகிறார்கள். இரண்டு மாதம் போனாலும் நகம் அப்படியேதான் இருக்கும். சாதாரணத் தோல் களிம்பு நகத் தகட்டைத் தாண்டி அடியில் இருக்கும் பூஞ்சையைப் போய்ச் சேர்வதில்லை. அதைவிட முக்கியமான காரணம், அந்த நகத்தில் பூஞ்சையே இல்லாமலும் இருந்திருக்கலாம். பார்வைக்குக் கெட்டுப்போன நகங்களில் ஏறக்குறையப் பாதிதான் நகச்சொத்தை எனப்படும் பூஞ்சைத் தொற்று. மீதிக்குச் சொரியாசிஸ் என்னும் தோல் நோய், அடிபடுதல், செருப்பின் அழுத்தம் என்று வேறு காரணங்கள் உண்டு.

ஆகவே முதலில் நமக்கு வர வாய்ப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு காலை முழுதாகப் பார்க்க வேண்டும், அடுத்து சோதனை, அதன்பிறகே மருந்து. இந்த வரிசை மாறிப்போவதால்தான் பலருக்குப் பணமும் ஒரு வருடமும் வீணாகின்றன.

எத்தனை பேருக்கு, யார் யாருக்கு

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், பொதுமக்களிடையே எடுத்த கணக்கில் 100 பேரில் சுமார் 4 பேருக்கும், மருத்துவமனைக்கு வந்தவர்களிடையே எடுத்த கணக்கில் சுமார் 9 பேருக்கும் நகப்பூஞ்சை இருந்தது. இந்தியாவில் கிடைக்கும் எண்கள் பெரும்பாலும் தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோரை எண்ணியவை. நகத்தைக் கண்டுகொள்ளாமல் வயலுக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருப்பவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. எனவே ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், எந்தெந்த மக்களிடையே அது ஏறுகிறது என்று பார்ப்பதுதான் பயன்.

முதலில் வயது. சிறுவர்களிடம் 1 சதவீதத்துக்கும் குறைவு. 60 வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் ஒருவருக்கும், 70-ஐத் தாண்டியவர்களில் பாதிப் பேர் வரைக்கும் இருக்கலாம் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் கணக்கு. வயதாக ஆக நகம் வளரும் வேகம் குறைகிறது, காலுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, குனிந்து நகம் வெட்டுவது சிரமமாகிறது. குழந்தையின் நகம் வேகமாக வளர்வதால் பூஞ்சை வேரூன்றுவதற்குள் நகம் வெளியே தள்ளிவிடும். இதனால் ஒரு சின்னப் பிள்ளைக்கு நகச்சொத்தை வந்திருந்தால், கூடவே அப்பா அம்மா தாத்தா பாட்டியின் பாதங்களையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஊற்று அங்கேதான் இருக்கும்.

ஆண்களுக்குப் பெண்களைவிட அதிகம். கால் நகத்தில் வருவது கை நகத்தில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம். கை நகம் மாதம் 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் 1.5 மில்லிமீட்டர்தான். கூடவே ஷூவுக்குள் வெப்பம், வியர்வை, அழுத்தம் மூன்றும் சேர்கின்றன. பெருவிரல் நகம் பெரியது, ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே இருப்பது. அதனால் முதலில் அடிவாங்குவதும் அதுவே.

சர்க்கரை நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு வரை நகப்பூஞ்சை இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், புகைபிடிப்பவர்கள், சொரியாசிஸால் ஏற்கெனவே நகம் கெட்டவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு அதிகம். சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதற்கு ஒரே குளியலறையைப் பயன்படுத்துவது மட்டும் காரணமல்ல. இந்தப் பூஞ்சைக்கு எளிதில் இடம்கொடுக்கும் உடல்வாகும் மரபாக வருகிறது.

தொழிலையும் பார்க்க வேண்டும். நாள் முழுதும் பூட்ஸ் போடும் காவலர்கள், ராணுவத்தினர், பாதுகாப்பு ஷூவோடு நிற்கும் தொழிற்சாலைப் பணியாளர்கள், ஓட்டப்பந்தய வீரர்கள், நீச்சல் குளத்துக்குப் போகிறவர்கள், விடுதியில் பொதுக் குளியலறையில் வெறுங்காலோடு நடக்கும் மாணவர்கள் ஆகியோருக்குக் கால் நகத்தில் வரும். பாத்திரம் தேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள், மீன் வெட்டுபவர்கள், ஓட்டல் சமையலறையில் நிற்பவர்கள் என்று கை ஈரத்திலேயே கிடப்பவர்களுக்குக் கை நகத்தில் வரும். கால் நகத்துப் பூஞ்சையும் ஈரக்கை நகத்துப் பூஞ்சையும் பெரும்பாலும் ஒன்றல்ல. மருந்தும் அதற்கேற்ப மாறும்.

கால் நகத்தில் வருவது பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் உண்டாக்கும் அதே குடும்பம். கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி 1910-ல் இதை வேறொரு பேரினப் பெயரில் விவரித்தார். இருபதாம் நூற்றாண்டில் போரும் பயணமும் மூடிய ஷூவும் பெருகப் பெருக, மேற்கு நாடுகளில் மிகப் பரவலான நகப்பூஞ்சை ஆனதும் இதுவே. ஈரக்கை நகத்தில் வருவது கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகை. இவை தவிர, மண்ணிலும் அழுகும் செடிகொடிகளிலும் வாழும் ஆஸ்பெர்ஜில்லஸ், ஃபியூசேரியம், நியோசைட்டாலிடியம் போன்றவையும் நம்மைப் போன்ற வெப்பநாடுகளில், அடிபட்ட நகத்தில் புகுந்துகொள்ளும். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களிடம் இந்த வகையையும் நினைவில் வைக்க வேண்டும்.

முதல் படி: நகத்தை மட்டுமல்ல, பாதத்தையே பாருங்கள்

நெயில் பாலிஷைத் துடைத்துவிடுங்கள். மருதாணி இட்டிருந்தால் அது வளர்ந்து வெளியேறும்வரை நகத்தின் நிறத்தை நம்ப முடியாது, வடிவத்தை மட்டும் பார்க்கலாம். மஞ்சள் பூசும் பழக்கம் இருந்தாலும் அப்படியே. பகல் வெளிச்சத்தில், நல்ல தரையில் காலை நீட்டி, பத்து நகங்களையும் வரிசையாகப் பாருங்கள்.

மிகப் பரவலான வகை நுனியிலோ ஓரத்திலோ தொடங்கி, நகம் முளைக்கும் அடிப்பக்கம் நோக்கி நகரும். நகத்துக்கும் அதன் சதைக்கும் நடுவே வெளிர் மஞ்சளாகப் பொடி சேரும். நகம் தூக்கிக்கொள்ளும், பிறகு தடிக்கும். கெட்ட பகுதி நல்ல பகுதியைச் சந்திக்கும் கோடு நேராக இல்லாமல் ஈட்டி முனைகள்போல அடியை நோக்கிக் கூர்கூராக இருந்தால் பூஞ்சைக்கான சந்தேகம் வலுக்கும். சில நகங்களில் நுனியிலிருந்து அடிவரை ஒரே ஒரு மஞ்சள் பட்டை மட்டும் அடர்த்தியாக ஓடும். அதனுள் பூஞ்சை கட்டியாகத் திரண்டு கிடக்கிறது என்று பொருள். மாத்திரைகூட அதற்குள் எளிதில் இறங்காது. இதை ஆரம்பத்திலேயே கவனித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொரு வகையில் நகத்தின் மேல்பரப்பில் சுண்ணாம்பு பட்டதுபோல வெள்ளைத் திட்டுகள் வரும். சுரண்டினால் பொடியாக உதிரும். நெயில் பாலிஷை மாதக்கணக்கில் கழற்றாமல் வைத்திருந்து எடுத்தாலும் இதே மாதிரி வெள்ளை படியும், அது பூஞ்சை அல்ல. மூன்றாவது வகை அரிது. நகத்தின் அடியில், தோலை ஒட்டிய பகுதியில் வெள்ளை தொடங்கி வெளிநோக்கி நகரும். இப்படிப் பல நகங்களில் திடீரென வந்தால் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எச்.ஐ.வி. சோதனை உட்பட.

அடுத்து விரலிடுக்குகள். கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே தோல் வெளுத்து ஊறி, உரிந்து, அரிக்கிறதா? அதுதான் சேற்றுப்புண். உள்ளங்காலும் குதிகாலின் ஓரமும் மாவு பூசியதுபோல வறண்டு, கோடுகளில் வெள்ளைச் செதில் படிந்திருக்கிறதா? பலர் இதை வெறும் வறட்சி என்று எண்ணித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் நகத்துக்குப் பூஞ்சை போய்ச் சேர்வதே பெரும்பாலும் இங்கிருந்துதான். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் பாருங்கள். இரு பாதங்களும் ஒரு கையும் மட்டும் செதில்விட்டிருந்தால் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரத்தின் அடையாளம் அது. எந்தக் கையால் பாதத்தைச் சொறிகிறாரோ அந்தக் கைக்கு ஏறியிருக்கும்.

பூஞ்சை இல்லை என்று நினைக்க வைக்கும் அறிகுறிகளும் உண்டு. இருபது நகங்களும் ஒரே சீராகக் கெட்டிருந்தால் பூஞ்சைக்கான வாய்ப்பு குறைவு. கால் நகங்கள் சுத்தமாக இருந்து கை நகங்கள் மட்டும் கெட்டிருந்தாலும், ஈரவேலை செய்யாதவராக இருந்தால், வேறு காரணத்தைத் தேட வேண்டும். நகத்தில் ஊசி குத்தியதுபோலக் குழிகள், எண்ணெய்த் துளி பட்டதுபோல ஆரஞ்சு நிறத் திட்டு, முழங்கையிலோ தலையிலோ செதில் இருந்தால் சொரியாசிஸ். பாதத்தோல் சுத்தமாக இருந்து, ஷூவில் இடிக்கும் விரல் நகம் மட்டும் தடித்திருந்தால் அழுத்தம்தான் காரணம். நகம் தூக்கிய இடத்தில் பச்சை நிறம் தெரிந்தால் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஒரே ஒரு நகத்தில் நீளவாட்டில் கறுப்பு அல்லது அடர்பழுப்புக் கோடு புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலிலும் படர்ந்தாலோ, அந்த வாரமே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெலனோமா என்னும் புற்றுநோய் அப்படித் தொடங்கலாம்.

இரண்டாம் படி: மாத்திரைக்கு முன் சோதனை

பார்த்தவுடனே மூன்று மாத மாத்திரை எழுதித் தரும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கேட்டு வாங்கியாவது சோதனை செய்துகொள்ளுங்கள். மாத்திரை பல வாரம் கல்லீரலைக் கடந்து போகும் மருந்து, சோதனையோ ஒரு நகத்துண்டு.

சரியான மாதிரி எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போவதற்கு முன் களிம்பையும் மருந்து நகப்பூச்சையும் இரண்டு வாரமாவது நிறுத்தியிருக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டிருந்தால் இன்னும் நீண்ட இடைவெளி தேவை, எப்போது நிறுத்தினீர்கள் என்று சொல்லிவிடுங்கள். மாதிரி எடுப்பவர் முதலில் நகத்தையும் சுற்றியுள்ள தோலையும் ஸ்பிரிட்டால் துடைப்பார். காற்றிலும் மண்ணிலும் இருந்து வந்து ஒட்டிய பூஞ்சைகளை அகற்றவே இது. பிறகு தூக்கியிருக்கும் நகத்தை எவ்வளவு பின்னால் முடியுமோ அவ்வளவு பின்னால் வெட்டுவார். நுனியில் உதிரும் பொடியில் இருப்பது பெரும்பாலும் செத்த பூஞ்சையும் ஒட்டிய அழுக்கும். அதை வழித்து ஒதுக்கிவிட்டு, சிறு கரண்டி போன்ற கருவியால், கெட்ட பகுதி நல்ல பகுதியைத் தொடும் எல்லைக்கு அருகில் நகத்தடியில் சுரண்ட வேண்டும். உயிரோடு வளரும் பூஞ்சை அங்கேதான் இருக்கும். நுனியை மட்டும் நகவெட்டியால் வெட்டி அனுப்பிவிட்டு ‘பூஞ்சை இல்லை’ என்று முடிவு வந்தால் அதை நம்ப வேண்டாம்.

அந்தத் துகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, 20 முதல் 40 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைப்பார்கள். நகத்தின் கெரட்டின் என்னும் புரதம் கரைந்து தெளிந்ததும் நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகள் கிளைவிட்ட நூல்களாகத் தெரியும். இதையே கே.ஓ.எச். சோதனை என்பார்கள். நகம் கடினமானது என்பதால் தோல் செதிலைவிட அதிக நேரம் ஊற வேண்டும். அவசரப்பட்டுப் பார்த்தால் இழை கண்ணுக்குப் படாது. பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்பதை இது சொல்லும், எந்தப் பூஞ்சை என்று சொல்லாது.

எந்தப் பூஞ்சை என்று அறிய வளர்ப்புச் சோதனை தேவை. சபரோ அகார் என்னும் வளர்ப்பு ஊடகத்தில் விதைத்து நான்கு வாரம் வரை காத்திருப்பார்கள். பூஞ்சை இருந்தும் வளராமல் போவது சகஜம். சைக்ளோஹெக்சிமைடு சேர்த்த ஊடகம், சேர்க்காத ஊடகம் இரண்டிலும் விதைப்பது நல்லது. அந்த வேதிப்பொருள் மண் பூஞ்சைகளை அடக்கும் என்பதால், அது சேர்த்த ஊடகத்தை மட்டும் பயன்படுத்தினால் நியோசைட்டாலிடியம் போன்றவை தெரியாமலே போய்விடும். ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற ஒன்று வளர்ந்துவிட்டால் உடனே அதையே குற்றவாளியாக்கவும் கூடாது. வெறும் தூசியாகவும் வந்திருக்கலாம். இன்னொரு நாள் எடுத்த மாதிரியிலும் அதுவே வளர்ந்து, நுண்ணோக்கியிலும் இழை தெரிந்தால்தான் நம்பலாம்.

கே.ஓ.எச். இல்லை என்று வந்தும் சந்தேகம் தீரவில்லையா? நகத்துண்டைத் திசுச் சோதனைக்கு அனுப்பி பி.ஏ.எஸ். என்னும் சாயம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கே.ஓ.எச். தவறவிடுவதையும் அது பல முறை பிடித்துவிடும். பெரிய ஆய்வகங்களில் பூஞ்சையின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். முறையும் உண்டு.

மூன்றாம் படி: பூச்சா, மாத்திரையா, இரண்டுமா?

நகத்தின் பாதிக்கும் குறைவான பரப்பு, நுனிப்பக்கம் மட்டும், மூன்று நான்கு நகங்களுக்கு மேல் இல்லை என்றால் மருந்து நகப்பூச்சு மட்டுமே போதலாம். அடியிலுள்ள பிறை வரை ஏறிவிட்டாலோ, நகம் 2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலோ, பல நகங்களில் இருந்தாலோ மாத்திரை தேவைப்படும். கல்லீரல் கோளாறு, கர்ப்பம், பல மாத்திரைகள் சாப்பிடும் முதுமை என்று மாத்திரை கொடுக்க முடியாத நிலையில் மெதுவாக வேலைசெய்யும் பூச்சோடு பொறுமையாக இருப்பதே சரி. வலியோ அரிப்போ வேறு நோயோ இல்லாத மிக முதிர்ந்தவர்களுக்கு, நகத்தை மெல்லியதாக வெட்டி வைத்துக்கொள்வது மட்டுமேகூட நியாயமான முடிவு.

கால் நகத்துக்கு மருத்துவர்கள் முதலில் எடுக்கும் மாத்திரை டெர்பினாஃபின். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம். கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். கால் நகத்தில் நடந்த மருந்துச் சோதனைகளில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பூஞ்சை ஒழிந்தது. ஆனால் பூஞ்சையும் ஒழிந்து நகமும் முழுதாகத் தெளிந்தவர்கள் 38 சதவீதம் மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொடங்குமுன்பே தெரிந்துகொள்வது மனத்துக்கு நல்லது. பல வருடம் கெட்டுக்கிடந்த நகம், பூஞ்சை போன பின்பும் பழைய அழகுக்குத் திரும்பாமல் இருக்கலாம்.

தொடங்குமுன் கல்லீரல் செயல்பாட்டுக்கான ரத்தச் சோதனை வேண்டும். கல்லீரல் நோய் இருந்தால் இந்த மாத்திரை கூடாது, சிறுநீரகம் பெரிதும் பழுதடைந்தவர்களுக்கும் ஆகாது. சாப்பிடும் காலத்தில் பசியே இல்லாமல் போவது, சிறுநீர் அடர்நிறமாவது, கண் மஞ்சளாவது, உடலெங்கும் அரிப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சிலருக்கு நாக்கில் ருசி போய்விடும். சோறு மண்ணாகத் தெரிகிறது என்று சொல்வார்கள். அதையும் பொறுத்துக்கொண்டு தொடரக் கூடாது, சொல்லிவிட வேண்டும். மன அழுத்தத்துக்கான சில மருந்துகளும் மெட்டோப்ரோலால் போன்ற இதய மருந்தும் இதனோடு சேர்ந்தால் உடலில் கூடிவிடும்.

கேண்டிடாவுக்கும் சில மண் பூஞ்சைகளுக்கும் இட்ராகோனசோல் பொருத்தம். மாதத்தில் ஒரு வாரம் மட்டும் 200 மில்லிகிராம் காலையும் மாலையும், மீதி மூன்று வாரம் விடுப்பு. இதை ஒரு சுற்று என்று கணக்கிட்டு கை நகத்துக்கு 2 சுற்று, கால் நகத்துக்கு 3 சுற்று. சாதாரண காப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் போட வேண்டும். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். நம் ஊரில் ‘கேஸ் மாத்திரை’ என்று தினமும் காலையில் பேன்டோப்ரசோல் போடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு இட்ராகோனசோல் சரியாக உடலில் ஏறாது; மருந்து வேலை செய்யவில்லை என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை கூடவே கூடாது. கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கும் ஆபத்து. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவதே எளிய வழி.

வாரம் ஒரு முறை ஃப்ளூகோனசோல் கொடுப்பதும் உண்டு. நகம் வளர்ந்து மாறும்வரை, ஆறு மாதமோ ஒரு வருடமோ போட வேண்டியிருக்கும். நான்கு வாரம் போட்டுவிட்டு விடுவதில் பயனே இல்லை. கீட்டோகோனசோல் மாத்திரையைக் கல்லீரலுக்கு உண்டாகும் கேட்டுக்காக நகப்பூஞ்சைக்கு இப்போது பயன்படுத்துவதில்லை. யாராவது பழைய சீட்டைக் காட்டி வாங்கச் சொன்னால் வேண்டாம்.

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், குளோபெட்டசால் என்னும் ஸ்டீராய்டு மூன்றும் சேர்த்த டியூப்களைப் பாதத்துக்கும் தொடையிடுக்குக்கும் தடவுவது நம் நாட்டில் மிகப் பெரிய தொல்லையாகிவிட்டது. அரிப்பு அன்றைக்கே அடங்கும், பூஞ்சை அமைதியாகப் பரவும். இந்தியாவில் டெர்பினாஃபினுக்கு அடங்காத படர்தாமரை இப்போது சாதாரணமாகக் காணப்படுகிறது. டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று அந்த வகைக்கு 2020-ல் பெயரே வைத்துவிட்டார்கள். நகச்சொத்தையோடு உடலில் படர்தாமரையும் இருந்தால், என்னென்ன டியூப் தடவினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நான்காம் படி: பூச்சு போடும் முறை

அமோரோல்ஃபின் 5 சதவீதப் பூச்சு வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை. கை நகத்துக்கு ஆறு மாதம், கால் நகத்துக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதப் பூச்சு தினமும், 48 வாரம் வரை. எஃபினாகோனசோல் 10 சதவீதக் கரைசலும் தினமும் 48 வாரம். இந்தக் கரைசலால் முழுதாகத் தெளிந்தவர்கள் சோதனைகளில் 15 முதல் 18 சதவீதம். பூச்சு மட்டுமே போட்டு மோசமான நகத்தைச் சரிசெய்துவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்காகவே இந்த எண்.

அமோரோல்ஃபினுக்குச் செய்ய வேண்டியது இது. காலை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் துடைத்து, நகத்தை நேராக வெட்டுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஊறவைக்கவே கூடாது. நீரின் சூடு தெரியாது, தோலும் வெடிக்கும். தடித்த நகத்தின் மேல்பரப்பைக் காகித அரத்தால் தேய்த்து மெலிதாக்குங்கள். இந்தத் தேய்ப்பை விட்டுவிட்டால் பூச்சு மேலேயே நின்றுவிடும். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பழைய பூச்சையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடையுங்கள். நகம் முழுவதும் மெல்லிய ஒரு படலமாகப் பூசி, மூன்று முதல் ஐந்து நிமிடம் காய விடுங்கள். அந்த அரத்தை நல்ல நகத்தில் பயன்படுத்தாதீர்கள், குப்பையில் போட்டுவிடுங்கள். பூச்சு போடும் தூரிகையை அல்லது குச்சியை நகத்தில் தொட்டபின் துடைக்காமல் மீண்டும் புட்டியில் விடாதீர்கள்.

நகம் மிகவும் தடித்திருந்தால் 40 சதவீத யூரியா களிம்பு உதவும். சுற்றியுள்ள தோலுக்குப் பிளாஸ்திரி ஒட்டி மறைத்து, நகத்தின் மேல் களிம்பைக் கனமாக வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டுவார்கள். ஒரு வாரம் பத்து நாளில் கெட்ட பகுதி மட்டும் மெத்தென்றாகி வழித்தெடுக்க வரும், வலி இருக்காது. மஞ்சள் பட்டை உள்ள நகத்தில் அந்தப் பட்டையை இப்படி அகற்றிவிட்டு மருந்து கொடுத்தால் பலன் கூடும். முதல் முறை மருத்துவரிடமே செய்துகொள்வது நல்லது.

பூண்டை அரைத்துக் கட்டுவது, ஆசிட் தொடுவது இரண்டையும் செய்ய வேண்டாம். பூண்டு விழுது தோலை வேகவைத்துவிடும். சர்க்கரைக் காலில் அந்தப் புண் ஆறாமல் நின்றுவிடும்.

கை நகத்தைச் சுற்றிய தோல் வீங்கி, நகத்தோடு ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்மடிப்பு காணாமல் போயிருந்தால் முதல் மருந்து, ஈரத்தை விலக்குவதே. பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை என்று இரண்டையும் போட்டுப் பாத்திரம் கழுவ வேண்டும். ரப்பர் மட்டும் போட்டால் உள்ளே வியர்த்து அதே ஈரம்தான். மடிப்பை நகத்திலிருந்து தள்ளிவிடுவதும் வெட்டுவதும் கூடாது. தண்ணீர் உள்ளே புகாமல் காக்கும் அடைப்பு அது.

ஐந்தாம் படி: மருந்து வேலை செய்கிறதா என்று அளப்பது

மருந்து தொடங்கும் அன்றே, கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சேரும் எல்லையில் அரத்தின் ஓரத்தால் குறுக்காக மெல்லிய ஒரு கீறல் போடுங்கள், ஆழம் வேண்டாம். ஒரு படமும் எடுத்து வையுங்கள். நகம் வளர வளரக் கீறல் முன்னால் நகரும். கால் பெருவிரலில் மாதத்துக்கு 1.5 மில்லிமீட்டர். மஞ்சள், கீறலுக்கு முன்னாலேயே நின்று, பின்னால் தெளிவான நகம் வந்துகொண்டிருந்தால் மருந்து வேலை செய்கிறது. மஞ்சள், கீறலைத் தாண்டி அடிப்பக்கம் போனால் வேலை செய்யவில்லை.

பன்னிரண்டு வாரம் டெர்பினாஃபின் முடியும்போது நகம் நாலரை மில்லிமீட்டர்தான் வளர்ந்திருக்கும், முக்கால்வாசி இன்னும் கெட்டதாகவே தெரியும். இதைப் பார்த்துவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டி, இன்னொரு மூன்று மாத மாத்திரையைத் தானே வாங்கிச் சாப்பிடுவது பெருந்தவறு. மாத்திரையை நிறுத்திய பிறகும் மருந்து பல மாதம் நகத்தில் தங்கி வேலை செய்யும். முழு நகம் மாற கையில் ஆறு மாதம், கால் பெருவிரலில் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் ஆகும்.

ஆறாம் படி: திரும்பி வராமல் பார்ப்பது

சரியானவர்களில் நான்கில் ஒருவருக்காவது திரும்பி வருகிறது. நகத்துக்கு மாத்திரை எடுத்துவிட்டு விரலிடுக்கையும் ஷூவையும் விட்டுவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் 1 சதவீத டெர்பினாஃபின் களிம்பு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம், அல்லது குளோட்ரிமசோல் 1 சதவீதம் காலையும் மாலையும் நான்கு வாரம். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். குளித்த பிறகு ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித் துண்டால் ஒற்றித் துடையுங்கள். முகம் துடைக்கும் துண்டும் அதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது. சாக்ஸை தினமும் மாற்றி, முடிந்தால் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். குளிர்ந்த நீரில் துவைத்த சாக்ஸில் பூஞ்சை வித்துகள் பிழைத்திருக்கும். ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடாமல், இரண்டு ஜோடி வைத்து மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றும் உலர ஒரு முழு நாள் கிடைக்கும். மழைக்காலத்தில் ஒரு நாளும் போதாது. மாத்திரை தொடங்கும்போதே, வருடக்கணக்காகப் போட்ட பழைய ஷூவைத் தூக்கிப்போடுவது நல்லது. வீட்டில் ஒரே நகவெட்டியை எல்லோரும் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். கெட்ட நகத்துக்குத் தனி நகவெட்டி வைத்து, வெட்டியபின் சோப்பில் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுங்கள். பியூட்டி பார்லருக்குப் போகிறவர்கள் தங்கள் கருவியையே கொண்டுபோகலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கும் யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் இவை எதுவும் வெறும் அழகுக்கான வேலை அல்ல. தடித்த நகம் அடியிலுள்ள சதையை அழுத்தி, வலி தெரியாமலே புண்ணாக்கும். விரலிடுக்கு வெடிப்பு வழியாகப் பாக்டீரியா நுழைந்து கால் சிவந்து வீங்கிக் காய்ச்சலில் தள்ளும். யானைக்கால் வீக்கம் அடிக்கடி காய்ச்சலோடு கூடுவதற்கும் அந்த வெடிப்பே வாசல். இவர்கள் தினமும் இரவு பாதத்தைக் கழுவித் துடைத்து இடுக்குகளைப் பார்க்க வேண்டும். கண் மங்கியவராக இருந்தால் வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். பிளேடால் நகம் சீவுவது அறவே கூடாது. தடித்த நகத்தைப் பாதப் பராமரிப்புப் பிரிவிலோ தோல் மருத்துவரிடமோ வெட்டிக்கொள்ள வேண்டும்.

நகம் தெளிந்த பிறகும் ஒரு வருடம் மாதம் ஒரு முறை பகல் வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். நான்காவது இடுக்கில் வெள்ளை ஊறலோ குதிகால் ஓரத்தில் செதிலோ தெரிந்தால் அன்றே களிம்பைத் தொடங்கிவிடுங்கள். நகத்தின் நுனியில் மீண்டும் மஞ்சள் தெரிந்தால் மட்டும் பழைய மாத்திரைச் சீட்டைத் தேடாமல், கே.ஓ.எச். சோதனையிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.